ஈரமும் உப்பும் எட்டாத இடம்: தொலைநோக்கியை வீட்டில் எங்கே வைப்பது?

குளிர்நாட்டு நூல்களைப் புரட்டினால், தொலைநோக்கியைக் கொட்டகையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைக்கச் சொல்லியிருப்பார்கள். வெளிக்காற்றும் கருவியும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், வெளியே எடுத்தவுடன் படம் தெளிவாகத் தெரியும் என்பது காரணம். அந்த ஊர்களுக்கு அது சரி. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை உள்ள கடலோரத்தில் அதை அப்படியே பின்பற்றினால், ஓரிரு மழைக்காலத்துக்குள் ஐபீஸில் பூஞ்சை பூக்கும். கண்ணாடியின் அலுமினியப் பூச்சில் புள்ளி விழும். திருகுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே கருவியைக் கெடுப்பவை ஈரமும் உப்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லில் ஏறும் உப்பையே தொல்லியல் துறை காகிதக்கூழைப் பூசி உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி மீதுள்ள அலுமினியப் பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாதது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடிக்கு மறுபூச்சு போட அங்கேயே வசதி உண்டு. உங்கள் கண்ணாடிக்கு அது வேண்டுமென்றால் கழற்றி, பொதிந்து, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். பூச்சைக் காப்பதுதான் சுலபம்.

செங்கல்பட்டு நகரம் மாமல்லபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. உள்ளே இருக்கிறது. அங்கே உப்பின் தொல்லை குறையும், ஈரம் குறையாது. கொளவாய் ஏரியை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் இந்த அத்தியாயத்தில் எதையும் தள்ளிவிட வேண்டாம்.

அடிப்படை விதி: மூன்றாகப் பிரித்து வையுங்கள்

முழுத் தொலைநோக்கிக்கும் ஒரே இடம் தேடுவதால்தான் பலருக்கு இடம் கிடைப்பதில்லை. கருவியை மூன்று பங்காகப் பாருங்கள்.

1. சிறு ஒளியியல் பாகங்கள்: ஐபீஸ், பார்லோ, டயகனல், ஃபைண்டர், வடிகட்டிகள். பூஞ்சை முதலில் பிடிப்பது இவற்றைத்தான். இவற்றுக்குக் காற்றுப் புகாத உலர் பெட்டி வேண்டும்.
2. குழாய்: முதன்மைக் கண்ணாடியோ வில்லையோ இருக்கும் உடல். இதற்கு வீட்டின் உள்ளறை வேண்டும்.
3. தாங்கி: ட்ரைபாட், டாப்சோனியன் அடிப்பெட்டி, எதிர் எடைகள். இவற்றை நனையாத, தரையில் படாத எந்த இடத்திலும் வைக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

தொட்டுப் பார்த்து ஈரத்தைக் கணிக்க முடியாது. சிறிய மின்னணு ஈரப்பத மானிகள் இரண்டு வாங்குங்கள். விலை மலிந்த மானிகள் தவறாகக் காட்டுவது சகஜம் என்பதால், பயன்படுத்தும் முன் சோதித்துவிடுங்கள்.

1. தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்றில் முக்கால் அளவு சமையல் உப்பைப் போடுங்கள்.
2. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது.
3. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் வைத்து, காற்றுப் புகாமல் மூடுங்கள். உப்பு மானி மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.
5. பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால், இனி அது காட்டுவதில் 5 கழித்துப் படியுங்கள். 70 காட்டினால் 5 கூட்டுங்கள். அந்த எண்ணை மானியின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

பிறகு, நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு மூன்று இடங்களில் மானியைச் சில நாட்கள் வைத்து, விடியற்காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். உலர் பெட்டிக்குள் 40 முதல் 50 சதவீதம் வரை இலக்கு. ஈரப்பதம் நாள்கணக்கில் 60-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. 70-க்கு மேல் அது விரைந்து வளரும். 30-க்குக் கீழே போவதும் வேண்டாம். ரப்பரும் கிரீஸும் காயும்.

குறிப்பு: எங்கள் வீட்டில் எல்லா இடமும் 75-க்கு மேல்தான் என்று சோர வேண்டாம். கடலோர வீடுகளில் அது இயல்பு. இருப்பதில் குறைந்த இடத்தைக் குழாய்க்கு ஒதுக்குங்கள். மற்றதை உலர் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

எந்த இடம் ஆகும்?

- படுக்கையறை அல்லது கூடத்தின் உட்சுவர் ஓரம். இரு அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் மழையில் நனைவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பது பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களில். அவற்றை ஒட்டி வைக்காதீர்கள்.
- இரும்பு பீரோவின் நடுத்தட்டு. ஐபீஸ் பெட்டிக்கும் சிறிய தொலைநோக்கிக்கும் ஏற்றது, பூட்டவும் செய்யலாம். துணி துவைத்து அரைகுறையாகக் காய்ந்ததை அதே பீரோவில் அடுக்காதீர்கள்.
- அடுக்குமாடிக் குடியிருப்பென்றால், கடலைப் பார்க்காத பக்கத்து அறை. பிற்பகலில் கடற்காற்று எழும்போது கிழக்கு ஜன்னல் வழியாகத்தான் உப்பு உள்ளே வருகிறது. ஜன்னல் கம்பிகளில் துரு எந்த அறையில் அதிகம் என்று பாருங்கள்; அந்த அறையைத் தவிருங்கள்.

எந்த இடம் ஆகாது?

- மொட்டை மாடி அறை: தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்திருந்தால் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும், பசையும் பிளாஸ்டிக்கும் தளரும். மாடிக்குப் பக்கம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம்.
- பரண்: எட்டாத உயரத்திலிருந்து பாரத்தை இறக்குவது ஆபத்து. கூரைச் சூடும் அங்கே தேங்கும்.
- மாடிப்படிக்குக் கீழே: காற்றோட்டம் இல்லை, தரை ஈரம் ஏறும், எலியும் கரப்பானும் குடியிருக்கும்.
- சமையலறையும் அதன் பக்கத்து அலமாரியும்: தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் படிந்தால் துடைப்பது கடினம்.
- பூஜை அறை: கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்திப் புகை.
- குளியலறைச் சுவரை ஒட்டிய மூலை: சுவர் வழியே கசிவு இருக்கும்.
- கார்: மூடிய காரின் வெயில் சூட்டில் ஒரு பகல்கூட விடக்கூடாது.

உலர் பெட்டி அமைத்தல்

மின்னணு உலர் அலமாரி வாங்க முடிந்தால் வாங்குங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் அதே அலமாரிதான். 45 சதவீதத்தில் வைத்துவிட்டால் போதும். மின்சாரம் சில மணி நேரம் போனாலும் கதவைத் திறக்காதவரை உள்ளே ஈரம் சட்டென்று ஏறாது. அது வேண்டாமென்றால் கையாலேயே ஒன்று அமைக்கலாம்.

1. மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு போதும்.
2. சோதனை: உலர்ந்த காகிதத்தை உள்ளே வைத்து மூடி, மேலே தண்ணீர் தெளியுங்கள். காகிதம் நனைந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.
3. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம் எடுத்து மெல்லிய பருத்திப் பையில் கட்டுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.
4. ஐபீஸ்களை அவற்றின் இரு மூடிகளோடு அடுக்குங்கள். ஜெல் பை கண்ணாடியில் படாமல் ஓரத்தில் இருக்கட்டும்.
5. சோதித்த மானி ஒன்றை வெளியிலிருந்தே படிக்கும்படி உள்ளே வையுங்கள்.
6. ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 50-க்கு மேல் நின்றால் ஜெல்லைக் கூட்டுங்கள். 35-க்குக் கீழே போனால் குறையுங்கள்.
7. ஜெல் நிறம் மாறியதும் அடுப்பு அவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். அவன் இல்லாதவர்கள் இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் சிறுதீயில் கிளறலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. ஆறிய பின்பே பெட்டிக்குள் வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஜெல்லுக்குப் பதில் அரிசி: தூசியும் வண்டும்தான் மிச்சம்.
- பாச்சை உருண்டை, கற்பூரம்: அவற்றின் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியும்.
- ஈரத்தை உறிஞ்சி அடியில் நீராகத் தேக்கும் கால்சியம் குளோரைடு டப்பா: கவிழ்ந்தால் உப்புநீர் கருவி மேல் கொட்டும். துணி அலமாரிக்கு மட்டும்.
- கருவியோடு வந்த ஸ்பாஞ்ச் பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் வைப்பது: ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வெறும் பெட்டியாக வெயிலில் காய வையுங்கள்.
- பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவது: துணியும் மரமும் சூழ்ந்த இடத்தில் தீப்பிடிக்கும்.

குழாயை வைக்கும் முறை

1. முன் மூடி, ஐபீஸ் துளை மூடி இரண்டையும் போடுங்கள். துளை மூடி தொலைந்திருந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். குளவி மண்கூடு கட்ட அந்தத் துளை போதும்.
2. நியூட்டோனியன் வகையென்றால் பின்பக்கம் திறந்திருக்கும். பல்லியும் கரப்பானும் அங்கிருந்துதான் நுழையும். எலாஸ்டிக் வைத்த குளியல் தொப்பி ஒன்றை மாட்டுங்கள்.
3. முழுக் குழாயையும் பழைய பருத்தி வேட்டியாலோ போர்வையாலோ மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.
4. 6 அங்குலம், 8 அங்குல டாப்சோனியனை நிறுத்தியே வைக்கலாம். அடிப்பெட்டி பெரும்பாலும் மரத்தூள் பலகையில் செய்தது. ஈரம் ஏறினால் உப்பிப் பிளக்கும். தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு மரக்கட்டைகள் மேல் வையுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் அதற்குக் கீழே போகட்டும்.
5. சிறிய வில்லைத் தொலைநோக்கியைப் படுக்கை வசத்தில் பீரோ தட்டில் வையுங்கள். மேலே எதையும் அடுக்காதீர்கள்.
6. ஷ்மிட்-காசெக்ரெயின், மக்ஸுடோவ் போன்ற மூடிய குழாய்களுக்கு, ஐபீஸ் துளையில் பொருத்தும் சிலிக்கா ஜெல் அடைப்பான் கிடைக்கிறது. அதைப் போட்டால் குழாயின் உட்பக்கமும் உலர்ந்திருக்கும்.

தாங்கியின் எஃகுத் திருகுகளுக்கும் எதிர் எடைத் தண்டுக்கும் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு துணியில் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும். எண்ணெய்க் கையோடு கண்ணாடிப் பக்கம் போகாதீர்கள். எதிர் எடைகளைக் கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள்.

ஏசி அறையில் வைக்கலாமா?

வைக்கலாம், வெளியே எடுக்கும் முறை தெரிந்தால். கோடை இரவில் மாமல்லபுரத்துக் காற்று 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். உங்கள் ஏசி 24-இல் ஓடியிருந்தால், மாடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்த கணமே கண்ணாடி முழுக்க மூடுபனி.

1. பார்க்கும் நாளில் ஏசியை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். முடிந்தால் கருவியை மூடிகளோடு ஏசி இல்லாத கூடத்துக்கு மாற்றுங்கள்.
2. ஐபீஸ்களைப் பெட்டியோடு வெளியே கொண்டுபோங்கள். பெட்டியின் வெளிப்புறம் சூடாகும் வரை திறக்காதீர்கள்.
3. குழாயையும் மாடியில் அரைமணி நேரம் மூடியோடு விட்டு, பிறகு திறங்கள்.
4. பனி படிந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள். கருவியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, காற்றில் தானாகக் காயவிடுங்கள்.

இரவு மட்டும் ஏசி ஓடி பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறைதான் மோசமானது: தினமும் ஒருமுறை குளிர்ச்சி, ஒருமுறை ஈரக்காற்று. அதைவிட ஏசியே இல்லாத உள்ளறை நல்லது.

பார்த்து முடித்து உள்ளே வந்ததும்

கருவி கெடுவது பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான். தூக்கக் கலக்கத்தில் ஈரத்தோடு மூடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் ஃபைண்டர், சிவப்புப் புள்ளி காட்டி, மோட்டார் எல்லாவற்றையும் அணையுங்கள்.
2. குழாயையும் தாங்கியையும் தனித்தனியே இறக்குங்கள். 8 அங்குல டாப்சோனியன் மொத்தம் சுமார் 20 கிலோ. குழாய் மட்டும் 1.2 மீட்டர் நீளம். ஒரு கை எப்போதும் கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும்.
3. உள்ளறையில் மூடிகளைத் திறந்து, குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்க வேண்டாம்.
4. ஈரம் முழுவதும் போன பிறகே மூடுங்கள். இரவு வெகுநேரமானால் மெல்லிய பருத்தித் துணியால் வாயை மறைத்துவிட்டுத் தூங்குங்கள். வெயில் அறைக்குள் விழும் முன் எழுந்து மூடுங்கள்.
5. கடற்கரையில் பார்த்துவிட்டு வந்தால், குழாயின் வெளிப்புறத்தையும் ட்ரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கால் மூட்டுகளில் மணல் இருந்தால், திருகுமுன் தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடியையும் வில்லையையும் இந்தத் துணியால் தொடக்கூடாது.
6. ஐபீஸ்களைக் கடைசியாக உலர் பெட்டிக்குள் வையுங்கள். ஒன்றில் ஈரம் இருந்தாலும் மற்றவற்றுக்கும் பரவும்.

மழைக்காலம், புயல், வெள்ளம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் அடிக்கடி மூடியிருக்கும். கருவி வேலை இல்லாமல் கிடக்கும். ஈரம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வானம் தெளிந்த நேரம் பார்த்து வாரம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள். எடுக்க வழியில்லையென்றால் அறையிலேயே மூடியைத் திறந்து சோதியுங்கள்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. புயல் எச்சரிக்கை வந்ததும்:

1. மாடியில், பால்கனியில் உள்ள தாங்கி, நாற்காலி, எடைகளை உள்ளே கொண்டு வாருங்கள்.
2. தரைத்தள வீடென்றால் குழாயையும் உலர் பெட்டியையும் கட்டில் அல்லது மேசை மேல் ஏற்றுங்கள். மாடி இருந்தால் மாடியறைக்கு மாற்றுங்கள்.
3. ஜன்னல் ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் நகர்த்துங்கள்.
4. இந்த ஓரிரு நாட்களுக்கு மட்டும் குழாயைப் பெரிய பிளாஸ்டிக் பையில் ஜெல்லோடு கட்டலாம். மழை ஓய்ந்ததும் பையைக் கழற்றிவிட வேண்டும்.
5. மின் இணைப்புகளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள்.

பாதுகாப்பு

- வெயில் விழும் ஜன்னலை நோக்கி மூடியில்லாத தொலைநோக்கியை ஒருபோதும் வைக்காதீர்கள். குவியும் வெயில் திரையையும் பாயையும் பற்றவைக்கும். ஃபைண்டருக்கும் இதே விதிதான்.
- கருவியைக் காய வைக்கிறேன் என்று வெயிலில் வைக்கக் கூடாது. குழந்தை ஒன்று கண்ணை வைத்தால் பார்வையே போகும்.
- சூரிய வடிகட்டித் தாளை மடிக்காமல், தட்டையாக, தனி உறையில் வையுங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எறிந்துவிடுங்கள். ஐபீஸில் திருகும் சிறிய சூரியக் கண்ணாடி வடிகட்டி உங்களிடம் இருந்தால், அதை உடைத்தே எறியுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூட்டில் அது வெடிக்கக்கூடும்.
- சிவப்புப் புள்ளி காட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். லித்தியம் பேட்டரிப் பெட்டியைத் தொலைநோக்கியோடு சேர்த்து மூடாமல், காற்றோட்டமான இடத்தில் தனியே வையுங்கள்.
- நிறுத்தி வைத்த குழாயைச் சிறுபிள்ளைகள் பிடித்து ஏறலாம். சுவரில் ஒரு வளையம் அடித்து, வாரால் கட்டிவையுங்கள்.

பூஞ்சை கண்டால்

1. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை மெல்லிய நூல்களாகக் கிளைவிட்டுப் படரும்.
2. அந்த ஐபீஸை உடனே தனிப் பையில் போட்டு மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள்.
3. பெட்டிக்குள் இருந்த துணி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்டியைக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.
4. வில்லைகளைக் கழற்ற முயலாதீர்கள். வரிசையும் திசையும் மாறினால் திரும்பச் சேர்ப்பது கடினம். கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.
5. முதன்மைக் கண்ணாடியில் பூஞ்சை என்றால், சுத்தம் செய்யும் அத்தியாயத்தைப் படித்துவிட்டே தொடுங்கள். வெறும் துணியால் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும்.

எதிலிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்றே ஐபீஸ்களை ஸ்பாஞ்ச் பெட்டியிலிருந்து எடுத்து, ரப்பர் வளையமுள்ள பெட்டிக்கு மாற்றி, ஜெல் போடுங்கள். பாதிப் பாதுகாப்பு அதிலேயே கிடைத்துவிடும். இந்த வாரம் மானியைச் சோதித்துக் குழாய்க்கு இடம் தேர்ந்தெடுங்கள். அக்டோபருக்குள் மரக்கட்டைகள், பருத்தி உறை, சுவர் வளையம் மூன்றையும் முடியுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை டார்ச்சோடு ஐந்து நிமிடம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. ஜெல்லை எப்போது மாற்றினீர்கள் என்ற தேதியைப் பெட்டியின் மூடியிலேயே எழுதிவையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் தை மாதம் வரை ஜெல் பச்சையாகவே கிடக்கும்.